‘சுரங்கத் தொழிலாளியின் மகள்’: பாடகர் வரலாற்றுத் திரைப்படமும் வர்க்க நினைவும்

1

தனிமனிதர் ஒருவரின் வாழ்க்கையைச் சித்திரிப்பதன் மூலம் அவர் வாழ்ந்த சமுதாயத்தின் இயக்கத்தைப் புலப்படுத்த முடியுமா என்பது கலை இலக்கிய விமர்சனத்தில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் வினாவாகும். நாவலை முன்னிறுத்தியே இவ்வினா பெரும்பாலும் விவாதிக்கப்பட்டுள்ளது. ஆயின், இன்று பெருந்தொகையான மக்கள் புகழ்பெற்றோரின் வரலாற்றை அறிந்துகொள்வது நூல்களின் வழியாக அன்று; திரைப்படங்களின் வழியாகவே. அவற்றுள்ளும் பாடகர்களின் வாழ்க்கையைக் கூறும் படங்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ‘ரே’ (2004), ‘வோக் த லைன்’ (2005), ‘பொஹீமியன் றப்சடி’ (2018) என்பன யாவரும் அறிந்த உதாரணங்கள்.

இவ்வகைப் படங்களின் கதையமைப்பு ஏறத்தாழ ஒன்றேயாகும். வறிய பிறப்பு, தற்செயலாகத் திறமை வெளிப்படல், புகழ், புகழின் விளைவான சீரழிவு, ஈற்றில் மேடையில் மீட்சி என்னும் ஐந்து படிகளில் அது நகர்கிறது. இவ்வமைப்பு எவ்வளவு தேய்ந்துவிட்டதெனின், அதனையே முழுமையாக எள்ளிநகையாடும் ‘வோக் ஹார்ட்’ என்னும் படம் 2007 இல் எடுக்கப்பட்டது. எனினும் வகை அழியவில்லை. மேலும் பெருகவே செய்தது. நகைப்புக்கு இடமானபின்னும் ஒரு கலைவடிவம் நிலைத்திருக்குமாயின், அது ஏதோவொரு சமூகத் தேவையை நிறைவேற்றுகின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

அத்தேவை யாது? 1901 முதல் 1941 வரை அமெரிக்கச் சனரஞ்சகச் சஞ்சிகைகளில் வெளிவந்த வாழ்க்கை வரலாறுகளை ஆராய்ந்த லியோ லோவென்தால், தொடக்கத்தில் கைத்தொழிலதிபரும் அரசியலாளரும் விஞ்ஞானிகளும் பெற்றிருந்த இடத்தைக் காலப்போக்கில் கேளிக்கைத் துறையினரும் விளையாட்டு வீரரும் கைப்பற்றியமையைக் காட்டினார். உற்பத்தியின் நாயகர்கள் சென்று நுகர்வின் நாயகர்கள் வந்தனர் என்பது அவர் கண்ட முடிபாகும். பாடகர் வரலாற்றுத் திரைப்படம் இம்மாற்றத்தின் நேர்ப் பிள்ளை எனலாம். உழைப்பினால் உயர்வடைய முடியாத சமுதாயத்தில், குரலினால் உயர்வடைந்த ஒருவரை அது காட்டுகின்றது. காண்போரின் வறுமைக்கும் திரையில் தோன்றுவோரின் வறுமைக்கும் இடையே ஓர் ஒப்புமையை ஏற்படுத்தி, விடுதலையைத் தனிமனித விதியாக மாற்றிவிடுகின்றது.

ஆயினும், இவ்வாறு கூறிவிடுவதோடு விமர்சனத்தின் பணி முற்றுப்பெற்றுவிடுமா? முதலாளித்துவக் கேளிக்கைப் பண்டம் எனத் தீர்ப்பு வழங்கிவிட்டு அப்பாற் செல்லும் வழக்கம் மார்க்சிய விமர்சகரிடையே உண்டு. எமது எழுத்துக்களிலும் அக்குறை இருந்ததுண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் நாம் தயங்கவேண்டியதில்லை. உழைக்கும் மக்கள் விரும்பிக் கேட்கும் பாடல்களையும் விரும்பிப் பார்க்கும் படங்களையும் ஆராயாது விடும் விமர்சனம், யாருக்காகத் தான் எழுதப்படுவதாகக் கூறிக்கொள்கின்றதோ அவர்களையே அறியாது விடுகின்றது. எனவே, வர்க்க அடையாளத்தைத் தன் தலைப்பிலேயே தாங்கிய ஒரு படத்தை இங்கு எடுத்து நோக்குவோம்.

2

‘கோல் மைனர்ஸ் டோட்டர்’, அதாவது ‘சுரங்கத் தொழிலாளியின் மகள்’, 1980 இல் வெளிவந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி லொறெற்றா லின் (1932–2022) பத்திரிகையாளர் ஜோர்ஜ் வெக்சியின் துணையுடன் எழுதி 1976 இல் வெளியிட்ட சுயசரிதையைத் தழுவியது. நெறியாள்கை செய்த மைக்கேல் அப்டெட் ஓர் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் பல்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த ஏழு வயதுப் பிள்ளைகளை 1964 இல் படம்பிடித்து, பின்னர் ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அவர்களையே தேடிச்சென்று பதிவு செய்த தொலைக்காட்சி ஆவணத் தொடரோடு தொடக்கம் முதலே இணைந்திருந்தவர். பிறப்பின் வர்க்கம் வாழ்வின் போக்கை எவ்வளவுக்கு நிர்ணயிக்கின்றது என்னும் வினா அவருக்குப் புதியதன்று. லொறெற்றாவாக நடித்த சிசி ஸ்பேசெக், பாடல்கள் யாவற்றையும் தாமே பாடிச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் 2019 இல் சேர்க்கப்பட்டது.

கதை கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில், புச்சர் ஹொலோ என்னும் பள்ளத்தாக்கில் ஆரம்பமாகின்றது. அருகிலுள்ள வான் லியர், கொன்சொலிடேஷன் நிலக்கரிக் கம்பனி தன் சுரங்கங்களுக்கென உருவாக்கிய ஊர். தந்தை டெட் வெப் சுரங்கத் தொழிலாளி. லொறெற்றா இளவயதிலேயே, போரிலிருந்து திரும்பிய ஒலிவர் லின் என்பவரை மணந்து, நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குச் செல்கிறார். நான்கு பிள்ளைகளுக்குத் தாயான பின், கணவர் வாங்கிக்கொடுத்த மலிவு விலைக் கிற்றார் ஒன்றுடன் பாடத் தொடங்குகிறார். 1960 இல் முதல் இசைத்தட்டு. அதனைக் காரில் ஏற்றிக்கொண்டு இருவரும் வானொலி நிலையம் வானொலி நிலையமாக அலைகின்றனர். அதன்பின் நாஷ்வில் நகரம், பெற்சி கிளைனின் நட்பும் 1963 இல் நிகழ்ந்த அவரது விமான விபத்து மரணமும், ஓயாத பயணம், மேடையில் நிலைகுலைவு, மீட்சி. மேற்கூறிய ஐந்து படிகளும் பிசகாமல் இடம்பெற்றுள்ளன.

3

இவ்வளவும் வாய்பாட்டுக்கு அமைந்தவையாயினும், படத்தின் முற்பகுதி அவ்வாய்பாட்டை மீறி நிற்கின்றது. இதனை விளக்குவதற்கு ஏங்கெல்ஸ் 1888 ஏப்ரிலில் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதம் எமக்கு உதவுகின்றது. யதார்த்தவாதம் என்பது விவரங்களின் உண்மையோடு அமைவதன்று. வகைமாதிரியான சூழ்நிலைகளில் வகைமாதிரியான பாத்திரங்களைப் படைப்பதும் அதற்கு இன்றியமையாதது என்பது அக்கடிதத்தின் சாரமாகும்.

விவரங்களின் உண்மை என்ற அளவில் இப்படத்தின் முற்பகுதி குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றுள்ளது. மலைச்சரிவிற் கட்டப்பட்ட பலகை வீடு, அதனுள் நெருங்கி உறங்கும் பிள்ளைகள், சுரங்கத்திலிருந்து கரிபடிந்த முகத்தோடு வெளிவரும் மனிதர் ஆகியவை அழகுக்காட்சிகளாக அன்றி வாழ்நிலைமைகளாகவே காட்டப்படுகின்றன. அம்மலைகளிற் பிறந்த ஒருவனுக்கு நிலக்கரி, கசிப்பு, ஊரைவிட்டு நீங்கல் என்னும் மூன்று வழிகளே உள்ளன என்னும் கருத்து ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கூறப்படுகின்றது. பொருளாதார ஆய்வாளர் பல பக்கங்களில் நிறுவக்கூடிய ஓர் உண்மை இங்கு ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகின்றது. அவ்வாறு கூறிய கசிப்பு வியாபாரி பின்னர் கொல்லப்படுகிறான். கணவனாக வருபவனும் சுரங்கத்தில் இறந்துபோக விரும்பாமலே ஊரை நீங்குகிறான். ஆகவே, மூன்று வழிகள் என்பது வெறும் பேச்சாக நின்றுவிடாது கதையின் இயக்கமாகவே அமைந்துள்ளது.

தந்தையாக நடித்த லீவன் ஹெல்ம் ஆர்கன்சோ பருத்தி விவசாயக் குடும்பத்திற் பிறந்த இசைக்கலைஞர். தாயாக நடித்த பிலிஸ் போயன்ஸ், நிம்ரொட் வேர்க்மன் என்னும் மேற்கு வேர்ஜினியச் சுரங்கத் தொழிலாளியின் மகள். தாமும் நாட்டார் பாடகி. வேர்க்மன் 42 ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்து, கறுப்பு நுரையீரல் நோயுற்று, அவ்வுழைப்பைப் பற்றித் தாமே பாடல் கட்டிப் பாடியவர். ஆகவே, சுரங்கத் தொழிலாளியின் மகளைப் பற்றிய படத்தில் உண்மையான சுரங்கத் தொழிலாளியின் மகள் ஒருவரே தாயாகத் தோன்றுகிறார். புகையிரத நிலையத்தில், இனிக் காண்போமோ என்னும் ஏக்கத்தோடு தந்தை மகளை வழியனுப்பும் காட்சி பார்ப்போரைத் தாக்குகின்றதெனின், அதற்குக் காரணம் அங்கு ஒரு குடும்பத்தின் பிரிவு மாத்திரமன்றி, ஒரு பிரதேசம் தன் மக்களை இழந்த வரலாறும் தொனிப்பதாகும்.

4

எனினும், ஏங்கெல்ஸின் அளவுகோலை முழுமையாகப் பிரயோகிப்போமாயின் குறைபாடு உடனே தெரியவருகின்றது. ஹார்க்னஸின் நாவலில் பாத்திரங்கள் தம்மளவில் வகைமாதிரியாக அமைந்திருந்தும், தொழிலாளர் வர்க்கம் தனக்குத் தானே உதவிக்கொள்ள இயலாத செயலற்ற கூட்டமாகவே காட்டப்பட்டுள்ளது என்பதே அவர் கூறிய குறை. அக்குறை இப்படத்துக்கும் அப்படியே பொருந்தும்.

தந்தையின் மரணத்தை நோக்குவோம். டெட் வெப் 1959 இல் ஐம்பத்திரண்டாவது வயதில் இறந்தார். சுரங்கத் தூசினால் அவரது நுரையீரல் பழுதுற்றிருந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அவர் மனைவியோடும் இளைய பிள்ளைகளோடும் இந்தியானா மாநிலத்தின் வாபாஷ் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தார். அப்பலாச்சிய மலைகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் வடக்கின் ஆலை நகரங்களுக்குச் சென்ற பெரும் பெயர்வின் ஒரு துளி அவர். படமோ அவரது வாழ்வைப் பழைய பள்ளத்தாக்கிலேயே முடித்துவைக்கின்றது. மகள் திரும்பிச்சென்று அழுவதற்கு மாறாத ஒரு பிறந்தகம் கதைக்குத் தேவைப்படுகின்றது. ஆனால் மூலதனம் அவ்வாறான பிறந்தகம் எதனையும் அம்மக்களுக்கு விட்டுவைக்கவில்லை. வரலாற்றின் இயக்கம் இங்கு ஏக்கத்தின் நிலைப்படமாக உறைந்துவிடுகின்றது.

அடுத்து, பாடலின் காலத்தை நோக்குவோம். படத்தின் பெயரைத் தந்த பாடல் 1969 ஒக்டோபரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு மறு ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டுகள் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் வரலாற்றில் எத்தகையன? 1968 நவம்பரில் மேற்கு வேர்ஜினியாவின் பார்மிங்டன் சுரங்கத்தில் 78 பேர் மாண்டனர். அச்சுரங்கத்தை நடத்தியது, வான் லியரை உருவாக்கிய அதே கொன்சொலிடேஷன் கம்பனியாகும். 1969 பெப்ரவரியில், கறுப்பு நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கோரி ஏறத்தாழ 40,000 தொழிலாளர், தம் சங்கத் தலைமையின் அனுமதியையும் எதிர்பாராது, அம்மாநிலத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தின் அழுத்தத்தில் உருவான கூட்டாட்சிச் சுரங்கச் சுகாதார பாதுகாப்புச் சட்டம் 1969 டிசெம்பர் 30 ஆம் திகதி கையொப்பமிடப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 1970 டிசெம்பர் 30 ஆம் திகதி, கிழக்குக் கென்டக்கியின் ஹைடன் நகருக்கு அருகே நிகழ்ந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். அதே டிசெம்பரிலேதான் லொறெற்றாவின் பாடல் நாட்டுப்புற இசைத்தட்டு வரிசையில் முதலிடம் பெற்றிருந்தது.

பாடகி இதனை உணராதிருக்கவில்லை. ஹைடனில் மாண்டோரின் குடும்பங்களுக்காக லூயிவில் நகரில் உதவி நிகழ்ச்சி ஒன்றை அவர் முன்னின்று நடத்தினார். படத்தில் இதற்கு இடமில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகள் சுரங்கத் தொழிலாளரிடம் மீண்டும் சென்ற அந்த ஒரு கணம், ‘சுரங்கத் தொழிலாளியின் மகள்’ என்னும் படத்திலிருந்து விடுபட்டுள்ளது. இது தற்செயலானதன்று. வாய்பாடு தனிமனித உயர்வை நோக்கியே நகர்வதாகையால், அவ்வுயர்வு பின்னோக்கித் திரும்பி ஒரு கூட்டத்தின் துயரோடு இணையும் நிகழ்ச்சி அதற்குள் அடங்கமாட்டாது.

இன்னும் இரு விடுபடல்கள் கவனத்திற்குரியன. பாடகியின் ஆரம்ப வளர்ச்சிக்குத் துணைநின்ற வில்பேர்ன் சகோதரர்களோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தமும், பாடல்களின் பதிப்புரிமை பற்றி எழுந்த நீண்ட வழக்கும் படத்தில் இல்லை. தாம் இயற்றிய பாடல்களின் உரிமையை மீளப்பெற அவர் பல்லாண்டுகள் முயன்றும் வெற்றி காணவில்லை. தந்தை தோண்டிய நிலக்கரி தந்தைக்குச் சொந்தமாகவில்லை. மகள் இயற்றிய பாடல் மகளுக்குச் சொந்தமாகவில்லை. உற்பத்தி உறவு என்ற அளவில், சுரங்கத்துக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் இடையிலுள்ள இத்தொடர்ச்சியே இவ்வாழ்வின் ஆழமான உண்மை எனின் தவறாகாது. படமோ சுரங்கத்தை அடிமைத்தளையாகவும் ஒலிப்பதிவுக் கூடத்தை விடுதலையாகவும் காட்டி, அத்தொடர்ச்சியை மறைத்துவிடுகின்றது.

மற்றையது, ‘த பில்’ என்னும் பாடல். கருத்தடை மாத்திரையினால் ஒரு மணமான பெண் பெறும் சுதந்திரத்தைப் பேசும் இப்பாடல் 1975 இல் வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஐந்தாண்டுகளின் பின் வந்த படம் இதனை எடுத்தாளவில்லை.

5

பெண்நிலை பற்றிய இவ்விடயம் சற்று விரிவாக நோக்கத்தக்கது. திருமண இரவில் மணப்பெண்ணின் விருப்புக்கு மாறாக நிகழ்வதையும், கணவனின் கைநீட்டலையும், பிறபெண் நாட்டத்தையும் படம் ஒளிக்கவில்லை. ஆயின் தொமி லீ ஜோன்ஸின் கவர்ச்சிமிக்க நடிப்பும் கதையின் நகைச்சுவைத் தொனியும் அவற்றைக் காதலின் முரட்டுத்தனங்களாகக் கரைத்துவிடுகின்றன. மணம் புரிந்தபோது லொறெற்றாவுக்கு வயது பதின்மூன்று என்றே சுயசரிதையும் படமும் கூறின. 2012 இல் வெளிப்படுத்தப்பட்ட அரச ஆவணங்களின்படி அவர் 1932 இல் பிறந்தவர். 1948 ஜனவரியில் மணம் புரிந்தபோது வயது பதினைந்து. இவ்விரண்டாண்டு வேறுபாட்டைக் கொண்டு பாடகியைப் பொய்யுரைத்தவர் எனக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. பதினைந்து வயதுத் திருமணமும் பிள்ளைப் பருவத்தின் பறிப்பே. அத்துயர் தன்னளவிற் போதாமல், மேலும் இளமையாக்கப்பட்டே சந்தைக்கு வரவேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்கவேண்டியது. வறுமையும் ஒடுக்குமுறையும் விற்பனைப் பண்டமாகும்போது அவற்றுக்கும் மிகைப்படுத்தல் தேவைப்படுகின்றது.

6

இப்படத்துக்கு நான்காண்டுகள் முன்னதாக, 1976 இல், அதே கிழக்குக் கென்டக்கியைக் களமாகக் கொண்டு பாபரா கொப்பிள் உருவாக்கிய ‘ஹார்லன் கவுன்டி யு.எஸ்.ஏ.’ என்னும் ஆவணப்படத்தை இங்கு ஒப்புநோக்குதல் பயன்தரும். 1973–74 இல் புறூக்சைட் சுரங்கத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை அது பதிவு செய்தது. மறியலில் நிற்கக்கூடிய தொழிலாளரின் எண்ணிக்கையை நீதிமன்றம் மட்டுப்படுத்தியபோது, அவர்களின் மனைவியரும் மகளிரும் தாய்மாரும் வீதிக்கு வந்து மறியலை முன்னெடுத்தனர். அங்கும் சுரங்கத் தொழிலாளரின் மகள்மார் உள்ளனர். அங்கும் பாடல்கள் உள்ளன. 1931 ஆம் ஆண்டின் ஹார்லன் போராட்டத்தின்போது பாடல் கட்டிய புளோரன்ஸ் றீஸ், முதிய வயதில் வேலைநிறுத்தக்காரர் முன் தோன்றி அதனைப் பாடுகிறார். ஹேசல் டிக்கன்ஸின் குரல் படமெங்கும் ஒலிக்கின்றது. முன்னர் நாம் குறிப்பிட்ட நிம்ரொட் வேர்க்மனும் அதில் பாடுகிறார்.

தந்தை ஒரு படத்தில். மகள் மற்றப் படத்தில். இது தற்செயல் நிகழ்வாயினும் எமது விமர்சனத்துக்குப் பொருத்தமான குறியீடாகின்றது. ஆவணப்படத்திற் பாடல் ஒரு கூட்டத்தின் செயலோடு பிணைந்துள்ளது. பாடுவோர் யார் என்பதைவிட யாருக்காகப் பாடப்படுகின்றது என்பதே முக்கியம். வரலாற்றுத் திரைப்படத்திற் பாடல் தனிமனிதரின் உடைமை. அது அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஏணி. பாடல் ஒரே மண்ணிலிருந்து பிறந்தும் இருவேறு சமூகப் பயன்களைப் பெறுகின்றது.

இவ்வொப்பீட்டை வைத்து ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடவும் நாம் முற்படவில்லை. ஹார்லனின் பாடல்களை அறிந்தோரிலும் பன்மடங்கு கூடுதலானோர் லொறெற்றாவின் பாடலைத் தம்முடையதாகக் கொண்டாடினர். அவர்களுட் பெரும்பாலோர் உழைக்கும் மக்களே, பெரும்பாலோர் பெண்களே. தம் தந்தையின் தொழிலை வெட்கமின்றி உரத்துக் கூறுவதற்கு அப்பாடல் அவர்களுக்கு ஒரு சொல்லைத் தந்தது. வர்க்கம் என்னும் சொல்லையே பொதுவாழ்விலிருந்து அகற்றிவிட்ட ஒரு நாட்டில் அது சிறிய விடயமன்று. மறுபுறத்தில், வர்க்கப் பெருமிதம் வர்க்க உணர்வாகத் தானாக மலர்ந்துவிடுவதில்லை என்பதற்கும் லொறெற்றாவே சான்று. 1988 இல் அவர் குடியரசுக் கட்சியின் ஜோர்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷுக்காகப் பிரசாரம் செய்தார். பிறப்பு நினைவைத் தரும். அந்நினைவை அரசியலாக்குவது அமைப்பும் போராட்டமுமே.

7

இப்பாடலை லொறெற்றா முதலில் எழுதியபோது அது மேலும் நீண்டதாக இருந்தது. தயாரிப்பாளர் ஓவன் பிறட்லியின் வற்புறுத்தலால், இசைத்தட்டின் அளவுக்கு அமையப் பல அடிகள் வெட்டப்பட்டன. ஒரு வாழ்க்கை இசைத்தட்டுக்காக வெட்டப்பட்டது. அவ்விசைத்தட்டைச் சுற்றி எழுந்த சுயசரிதை திரைக்காக வெட்டப்பட்டது. ஒவ்வொரு வெட்டிலும் விடுபட்டவை எவை என ஆராய்வோமாயின், அவை எழுந்தமானமாக விடுபட்டவை அல்ல என்பது தெளிவாகும். உடைமை, போராட்டம், குடிபெயர்வு, பெண்ணின் உடல்மீதான பெண்ணின் உரிமை ஆகியனவே மீண்டும் மீண்டும் விடுபடுகின்றன. எஞ்சுவன வறுமையும் அன்பும் திறமையும். இவை பொய்யல்ல, ஆனால் உண்மையின் பாதியே.

எனவே, பாடகர் வரலாற்றுத் திரைப்படங்களை நோக்கும் விமர்சகன் இரு பணிகளை ஒருசேர ஆற்றவேண்டியவனாகிறான். படம் தன் வாய்பாட்டையும் மீறி எவ்விடத்தில் மக்களின் வாழ்நிலையைத் தொடுகின்றது என்பதைக் கண்டறிந்து அதனைப் பாராட்டல் ஒன்று. அவ்வாழ்நிலையை உண்டாக்கிய உறவுகளை எவ்விடத்தில் மறைக்கின்றது என்பதை வெளிப்படுத்தல் மற்றொன்று. முதற்பணியைச் செய்யாதவன் மக்களின் சுவையை இகழ்கிறான். இரண்டாம் பணியைச் செய்யாதவன் அவர்களை ஏமாற்றுகிறான்.

படத்தின் ஈற்றுக்காட்சியில் அப்பாடல் மேடையில் பாடப்படுகின்றது. சபையோர் ஆர்ப்பரிக்கின்றனர். அவ்வார்ப்பரிப்பு ஒரு பாடகியின் வெற்றிக்காக எழுவதாகவே படம் எமக்கு உணர்த்த விரும்புகின்றது. ஆனால் பாடலின் பொருள் பாடகி அன்று. கரிபடிந்த கைகளோடு வீடு திரும்பிய ஒரு மனிதரும் அவரோடு உழைத்த ஒரு பெண்ணுமேயாவர். அம்மனிதர் இறந்து பத்தாண்டுகள் கழித்தே, அவரைக் கொன்ற தூசுக்குச் சட்டத்தில் ஒரு வரையறை வந்தது. அதனைக் கொண்டுவந்தோர், தம் பெயரில் எவரும் படம் எடுக்காத அந்த நாற்பதினாயிரவரே. பாடலைக் கேட்கும்போது அவர்களையும் நினைவுகூர்வோமாயின், படம் விட்ட பாதியை நாமே நிரப்பியவர்களாவோம்.